365 வரப்பு

அப்பாவுக்குப் போன் செய்தால் எங்கள் மாடி முழுக்கக் கேட்கும். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அவருக்கு மட்டும் கேட்காது. காது கேட்கும் கருவி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. "ஆங், ஆங், எல்லாரும் சௌக்கியந்தானே" என்று அவராகவே ஒரு பதிலைச் சொல்லி வைத்துவிடுவார். அதனால்தான் 2023 ஜனவரியில் எங்கள் வீட்டில் தபால் எழுத ஆரம்பித்தோம். நிட்டிங் அதற்கு ஒரு வாரம் முன்னால் தொடங்கியது. இரண்டும் ஒன்றாகச் சேரும் என்று அப்போது நினைக்கவில்லை.

மேற்கு மாம்பலத்தில் இரண்டு படுக்கையறை வீடு. நான், கணவர், ஒன்பதாம் வகுப்பு மகள், மூன்றாம் வகுப்பு மகன், மாமியார். அத்தை கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் படித்தபோது தையல் வகுப்பில் குரோஷாவும் நிட்டிங்கும் கற்றவர். டிவி கவர், தட்டு மூடி, வாசல் தோரணம் என்று ஒரு காலத்தில் நிறைய போட்டிருக்கிறார். "மெட்ராஸ்ல உல்லனா? கம்பளிப்பூச்சிய பாத்தாலே எனக்கு வேர்க்கும்" என்பது அவர் கட்சி. நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை விட, கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

குளிர்நாடுகளில் பின்னுகிறவர்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. ஒவ்வொரு நாளும் அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற நிறத்தில் ஒன்றிரண்டு வரிசை பின்ன வேண்டும். வருடக் கடைசியில் அந்த ஊரின் ஓராண்டுப் பருவம் ஒரு போர்வையாகக் கையில் இருக்கும். படித்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் என்று அவர்கள் பிரித்திருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். போர்வை பேராசை என்பதால் ஒரு மப்ளர். அப்பா மார்கழியில் விடியற்காலை ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர், காதை மூடிக்கொள்ள அவருக்கு ஆகும். "ஏற்கெனவே கேக்காத காது, அத வேற மூடணுமா" என்றார் கணவர்.

பிப்ரவரி கடைசியில் எடுத்து விரித்துப் பார்த்தால் இரண்டே நிறம். சென்னையில் ஜனவரிப் பகல் இருபத்தெட்டு, முப்பது, பிப்ரவரிப் பகல் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. ஐந்து டிகிரி சட்டத்தில் இதெல்லாம் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. மகள் பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூட யூனிஃபார்ம் கழுத்து டை, அம்மா" என்றாள்.

முழுக்கப் பிரித்தேன். அறுபது நாள் வேலையை இழுத்தால் பத்தே நிமிடத்தில் உருண்டையாகிவிடுகிறது. வயிறு கொஞ்சம் எரிந்தது, ஆனால் அன்றுதான் இந்தக் காரியத்தின் சூட்சுமம் பிடிபட்டது. வேறு ஊர்க்காரர்களின் சவாலைக் கடையில் வாங்கிய ரவிக்கை மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே துணி விட்டிருப்பார்கள், பிரித்து நம் அளவுக்குத் தைத்துக்கொள்வது நம் பாடு. எங்கள் ஊருக்கு ஐந்து டிகிரி ஒத்துவராது, இரண்டு டிகிரிக்கு ஒரு நிறம் என்று மாற்றினோம். 27 வரை கருநீலம், 28-29 வான நீலம், 30-31 பச்சை, 32-33 கிளிப்பச்சை, 34-35 மஞ்சள், 36-37 ஆரஞ்சு, 38-39 சிவப்பு, 40உம் அதற்கு மேலும் அரக்கு. எட்டு நிறம்.

ஜனவரியிலிருந்து மறுபடி பின்ன முடிந்ததற்குக் காரணம் என் மகன். தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது அவன் உத்தியோகம். கிழித்த தாளின் பின்பக்கம் அந்த நாளின் வெப்பநிலையை எழுதி, சமையலறை ஆணியில் குத்தி வைப்பான். முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் வெயில். போனில் குறித்து வைத்திருந்தால் தொலைத்திருப்போம்.

வெப்பநிலை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு சண்டை நடந்தது. செய்தித்தாளில் சென்னைக்கு இரண்டு எண் போடுவார்கள், நுங்கம்பாக்கம் ஒன்று, மீனம்பாக்கம் ஒன்று. வெயில் காலத்தில் பெரும்பாலும் மீனம்பாக்கத்து எண்தான் பெரிது, அது கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. நடுப்பகலில் கடற்காற்று சீக்கிரம் நுழைந்துவிட்டால் அன்று தப்பித்தோம். தாமதமானால் எண் ஏறிக்கொண்டே போகும். மகனுக்குப் பெரிய எண்தான் வேண்டும், அரக்கு நிறம் அவனுக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டுக்கு நுங்கம்பாக்கம்தான் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கல்லூரிச் சாலையில் இன்றைக்கு வானிலை மையம் இருக்கும் இடத்தில்தான் 1792இல் மெட்ராஸ் வானாய்வகம் வந்தது. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. இருநூறு வருடத்துக்கு மேலாக யாரோ வெயிலை எழுதி வைத்துக்கொண்டிருக்கிற இடம் என்று சொன்னதும் மகன் சமாதானமானான். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதைத் தேடிப்பிடித்து, "அன்னிக்குப் பின்னியிருந்தா ஒம்பதாவது கலர் வாங்கணும்" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

இனி நூல். முதலில் உல்லன் கடையில் கிடைத்த அக்ரிலிக் நூல்தான் வாங்கினேன். மின்விசிறி இல்லாமல் ஐந்து நிமிடம் பின்னினால் வியர்வைக் கையில் நூல் பிசுபிசுவென்று ஒட்டும், உலோக ஊசியில் கிறீச்சென்று உரசும். பிரித்தபோது அதையும் மாற்றிவிட்டேன். சௌகார்பேட்டையில் லேஸ், பட்டன், எம்பிராய்டரி சாமான் விற்கும் சந்துகளில் பருத்தி நூல் கண்டு கிடைக்கும். பருத்திக்கு இழுவை கிடையாது, விரல் வலிக்கும். ஆனால் நம் ஊர்க் கைக்கு அதுதான் சரி. உள்ளங்கையில் கொஞ்சம் பவுடர் தட்டிக்கொண்டால் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். இது அத்தையின் பள்ளிக்கூட வித்தை. ஒரு நிறத்தை வருடம் முழுக்க இழுக்கப்போகிறோம் என்றால் முதலிலேயே மொத்தமாக வாங்கிவிட வேண்டும். ஆகஸ்டில் மஞ்சள் தீர்ந்துபோய் அதே நம்பர் மஞ்சளை மறுபடி வாங்கினால், சாய லாட் வேறு, நிறம் ஒரு பிடி கூடுதல். இன்றும் மப்ளரில் அந்த இடம் என் கண்ணை உறுத்தும். வேறு யாருக்கும் தெரியவில்லை.

ஊசியிலும் ஏமாந்தேன். நம் கடைகளில் பழைய இங்கிலீஷ் நம்பர்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. பருமனாக வேண்டும் என்று பத்தாம் நம்பர் கேட்டு வாங்கி வந்தேன். அத்தை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல காது குடையலாம்" என்றார். மறுநாள் எட்டு.

நாற்பது கண்ணி ஏற்றி, இரண்டு பக்கமும் ஒரே நேர்க்கண்ணி. அப்படிப் பின்னினால் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும். தஞ்சாவூர்ப் பக்கத்து அத்தை அதற்கு 'வரப்பு' என்று பெயர் வைத்தார். ஒரு நாளைக்கு ஒரு வரப்பு. இரண்டு வரிசை என்று வைத்துக்கொண்டதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரே ஓரத்திலிருந்து தொடங்கும், நிறம் மாற்றிய நூல்வால்கள் எல்லாம் ஒரே பக்கம் வந்து நிற்கும். ஒற்றை வரிசையாகப் பின்னினால் வால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நீளக் கணக்கும் போட்டுக்கொண்டேன். எங்கள் கைக்குப் பத்து சென்டிமீட்டருக்கு 42 வரிசை, வருடத்துக்கு 730 வரிசை, கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் அடி. மப்ளருக்கு அது போதும். வால்களை அன்றன்றே உள்ளே நுழைத்துவிட வேண்டும். நான் மார்ச் முழுக்க விட்டுவைத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது.

எண்பது கண்ணி பின்ன எனக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை நாளின் எந்த மூலையில் வைப்பது என்பதுதான் உண்மையான சவால். இரவு ஒன்பது மணி என்று முதலில் திட்டம் போட்டேன். ஒன்பது மணிக்குத்தான் யாருக்காவது சார்ட் பேப்பர் தேவைப்படும். கடைசியில் காலையில் குக்கர் விசில் எண்ணும் நேரம்தான் நிலைத்தது. பருப்புக்கு நாலு விசில், ஒரு வரப்பு. மெட்ரோ வாட்டர் லாரிக்குக் காத்திருக்கும் நாட்களில் பாக்கியும் தீர்ந்துவிடும். மூன்று நாள் பாக்கி என்றால் கை தாங்கும். ஒரு தடவை அலுவலகத்தில் மார்ச் கணக்கு முடிக்கிற சமயத்தில் பதினோரு நாள் சேர்ந்துவிட்டது. கூடையைப் பார்க்கவே பிடிக்காமல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தேன். அத்தை யாரிடமும் சொல்லாமல் மூன்று மதியத்தில் முடித்துவிட்டார். அதிலிருந்து யார் கை சும்மா இருக்கிறதோ அவர்கள் பின்னலாம் என்று ஆயிற்று.

கைக்குக் கை இறுக்கம் மாறும். அத்தை கண்ணியை நெரித்துப் போடுவார், மகள் சல்லடை மாதிரி விடுவாள். மப்ளரின் ஓரம் பாம்பு நெளிந்தாற்போல் ஆகிவிட்டது. அத்தைக்கு ஏழாம் நம்பர், மகளுக்கு ஒன்பதாம் நம்பர் என்று வேறு வேறு ஊசி கொடுத்தபிறகு ஓரளவு சரியானது. முழுக்கச் சரியாகவில்லை. தேர்வு நாட்களில் மகள் பின்னிய வரப்புகள் மட்டும் அத்தையுடையதைவிட இறுக்கம், தொட்டாலே தெரியும்.

அந்த ஜூன் மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலால் பள்ளி திறப்பது இரண்டு முறை தள்ளிப்போனது. ஒன்றாம் தேதி ஏழாம் தேதியாகி, ஏழாம் தேதி மறுபடி தள்ளி, சின்ன வகுப்புகளுக்குப் பதினான்காம் தேதி திறந்தார்கள். திறந்த ஐந்தாம் நாள், பத்தொன்பதாம் தேதி, கொட்டு கொட்டென்று மழை, விடுமுறை. மப்ளரில் சிவப்பும் ஆரஞ்சுமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஒரு குளிர்ந்த கோடு. மகன் அந்த ஒரு வரப்பைத் தானே பின்னுவேன் என்று அடம்பிடித்து, முப்பத்தொன்பது கண்ணியாக்கிக் கொடுத்தான்.

தபால் பக்கம் இது நடந்துகொண்டிருந்தபோதே வளர்ந்தது. ஞாயிறுதோறும் மகன் தாத்தாவுக்கு ஒரு போஸ்ட் கார்டில் அந்த வாரத்தின் ஏழு எண்களையும் எழுதுவான். ஐம்பது பைசா கார்டு. ஒரு தபால் நிலையத்தில் கார்டு ஸ்டாக் இல்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியதிலிருந்து, கிடைக்கும்போது ஐம்பதாக வாங்கி வைத்துவிடுகிறேன். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு எண்ணையும் கூட்டிச் சராசரி போட்டுப் பதில் கார்டு எழுதுவார். கீழே ஒரு வரி: 'இங்கே தோசைக்கல் வெயில். மலைப்பக்கம் மேகம் உண்டு.' போனில் பேசிய இருபது வருடத்தில் அவர் எனக்கு மேகத்தைப் பற்றிச் சொன்னதில்லை.

எண்கள் மட்டும் அனுப்ப மகளுக்குப் போரடித்தது. அவள் உறை செய்யத் தொடங்கினாள். பழைய மாதக் காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை உறையைப் பிரித்து உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி ஒட்டியது, சேலைக் கடைப் பை. செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவை சில. பளபளப்புத் தாளில் பேனா மை கலையும், தபால்தலையும் சரியாக ஒட்டாது. முகவரிக்கும் தலைக்கும் வெள்ளைத் தாளில் துண்டு ஒட்டிவிட வேண்டும். மைதா பசை மழைக்காலத்தில் பூசணம் பூக்கும், கரப்பானுக்கும் விருந்து. ஃபெவிகாலை மெல்லியதாகத் தடவி, புத்தகத்தின் கீழ் ஒரு ராத்திரி அழுத்தி வைத்தால் உறை சுருங்காது. பட்டன், சிப்பி, மணி எதுவும் உறைக்கு வெளியே வேண்டாம். முத்திரை குத்துகிறவர் என்ன பாவம் செய்தார்?

எடை விஷயத்தில் அடிபட்டோம். சாதாரணக் கடிதம் 20 கிராம் வரை ஐந்து ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு ஐந்து. பொரி மாதிரி லேசாக இருக்கிறதே என்று மகள் ஐந்து ரூபாய்த் தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டாள். அட்டை வைத்திருந்ததில் 20ஐத் தாண்டிவிட்டது. குறைந்த தொகைக்கு இரட்டிப்பாக வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். அப்பாவின் அடுத்த கார்டில், 'ரூபாய் 10 செலுத்திப் பேத்தியை மீட்டேன். வரவு வைக்கவும்.' மறுநாளே சமையலறைத் தராசு ஒன்று வாங்கினோம். இப்போது உறை நிறுத்திய பிறகுதான் அதில் ரவை நிறுக்கிறோம்.

அவள் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது கோலக் கார்டு. தடித்த அட்டையில் புள்ளி வைத்து, ஊசியால் குத்தி, மப்ளரில் மிச்சமான நூலைக் கோர்த்துக் கோலம் போடுவது. முதலில் அத்தை போடும் சிக்குக் கோலத்தை முயன்று சிக்கிக்கொண்டாள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகும், நூலோ புள்ளிக்குப் புள்ளி நேராகத்தான் போகும். புள்ளிகளை இணைக்கும் நட்சத்திரக் கோலம், ஊடுபுள்ளி வைத்த தாமரை மாதிரியானவைதான் நூலுக்குச் சரிப்படும். குத்தும்போது அட்டையின் அடியில் பழைய செருப்பு ஒன்றை வைத்துக்கொண்டால் விரல் தப்பும். இந்தக் கார்டை உறைக்குள் போட்டுத்தான் அனுப்ப வேண்டும், வெறுமனே போட்டால் நூல் எங்காவது மாட்டிக்கொள்ளும்.

தபால் துறை 2017இலிருந்து 'டாய் ஆகர்' என்று கடிதப் போட்டி நடத்துகிறது. இன்லண்டில் 500 சொல், ஏ4 தாளில் 1000 சொல், கையால் எழுதியது, தமிழிலும் எழுதலாம். மகளை ஒரு தடவை எழுத வைத்தேன். பரிசு வரவில்லை. அவளுக்கு வருத்தமும் இல்லை. 'முதன்மை அஞ்சல்துறைத் தலைவருக்கு எழுதுறதுக்கு தாத்தாவுக்கு எழுதலாம், அவராவது சராசரி போடுவார்' என்றாள்.

டிசம்பர் நாலாம் தேதி மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை, கீழ்த்தளத்தில் முட்டியளவு தண்ணீர். செய்தித்தாள் வரவில்லை. அந்தத் தாளின் பின்பக்கம் எழுத எண் இல்லாமல் மகன் காலண்டர் முன்னால் நின்றான். தெரியாத நாளுக்கு வெள்ளை என்று அத்தை சொன்னார். எண் பிற்பாடு கிடைத்தும் அதை மாற்றவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பின்னிய அந்த வெள்ளை வரப்பில் ஒரு கண்ணி நழுவி ஓட்டை இருக்கிறது.

இரண்டே வாரம். டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று செய்தி வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. தாமிரபரணி கரை புரண்டு ஓடுகிறது. அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, கேட்காத மனிதருக்கு அடித்து என்ன செய்ய? பக்கத்து வீட்டு அண்ணன்தான் மறுநாள் மத்தியானம் பேசினார்: "சித்தப்பா நல்லாருக்காவ. மாடியில எங்க வீட்ல சாப்பிடுதாவ, நீ பதறாதம்மா." அந்த இரண்டு நாளும் நான் ஊசியைத் தொடவில்லை. அத்தைதான் பின்னிவைத்தார். அப்பாவின் கார்டு ஒன்பது நாள் கழித்து வந்தது. ஓரம் ஊறி மை கசிந்திருந்தது. 'ஆறு வீடு வரை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இவ்வாரச் சராசரி அனுப்பவில்லையே?'

டிசம்பர் 31 இரவு கடைசி வரப்பு முடித்தோம். துவைத்தால் சாயம் போகுமா என்று வெள்ளைத் துணியில் நனைத்து முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். அரக்கு நிறம் கசிந்து பக்கத்து சிவப்போடு போனது, நல்லவேளை நீலத்துக்கு வரவில்லை. பருத்திப் பின்னலைத் தரையில் துண்டு விரித்துக் கிடத்தித்தான் காயவைக்க வேண்டும். நான் அலுவலகம் போயிருந்தேன், அத்தை பழக்கத்தில் கொடியில் போட்டுவிட்டார். ஈரக் கனத்தில் இழுபட்டு ஆறேகால் அடி ஆகிவிட்டது. அப்பா உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினோம், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. கூடவே எந்த நிறத்துக்கு எந்த எண் என்று மகள் எழுதிய அட்டவணை. ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம் கார்டு வந்தது.

'மார்கழி முடியும் தறுவாயில் மப்ளர் வந்தது. நன்றாக உள்ளது. எண்ணிப் பார்த்தேன், இரண்டு தடவை. 364 வரப்புதான் உள்ளது. எந்த நாளை விட்டீர்கள்?'

வீடே கலவரமானது. அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் காலண்டர் தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்கிறோம். தாள்கள் 365ம் இருக்கின்றன. என் சந்தேகம் மார்ச் பாக்கியின் மேல். மகன் சந்தேகம் அத்தையின் மேல். அத்தைக்கு அப்பாவின் கண்ணாடி மேல் சந்தேகம். போட்டோவில் எண்ணிப் பார்த்தால் நடுவில் மஞ்சள்கள் ஒன்றோடொன்று கலந்து கண் கட்டுகிறது. மப்ளரை ஒரு பத்து நாளைக்குத் திருப்பி அனுப்பினால் நாங்களே எண்ணிச் சரிபார்த்துவிடுகிறோம் என்று மகன் தாத்தாவுக்கு எழுதினான். பதில் நேற்று வந்தது.

'தங்கள் கடிதம் கிடைத்தது. மப்ளரை அனுப்ப இயலாது. காலையில் வேண்டியிருக்கிறது. விடுபட்ட நாளை அங்கேயே கண்டுபிடித்து எழுதவும்.'